இரண்டு பேருக்கு ஒரு கூடாரம்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து கூடாரம் பற்றிய கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் தனி ஆள் கேட்டது குறைவு. கணவன்-மனைவி, நண்பர்கள், அப்பாவும் பிள்ளையும் என்று எல்லாமே பங்குக்கு ஆள் உள்ள கேள்விகள். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

‘இரண்டு பேர் கூடாரம்’ என்று போட்டிருந்தால் நானும் என் கணவரும் தாராளமாகப் படுக்க முடியுமா? தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதால் எடை குறைவாக இருக்க வேண்டும். (பொங்கோல் வாசகி)

படுக்கலாம். ‘தாராளமாக’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கூடாரம் செய்பவர்கள் அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் பேடை வைத்துத்தான் ஆள் கணக்குப் போடுகிறார்கள். வழக்கமான பேடின் அகலம் 51 செ.மீ., இரண்டு சேர்ந்தால் 102. அகலமான பேட் என்றால் 64 செ.மீ., இரண்டு சேர்ந்தால் 128. இப்போது கூடாரத்தின் தரையைப் பாருங்கள். பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் யூஎல்2 தலைமாட்டில் 132 செ.மீ. அகலம், ஆனால் கால்மாட்டில் 107தான். அதில் வழக்கமான பேட் இரண்டும் அடங்கும். அகலமானவை கால்மாட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா போல நேர்செவ்வகத் தரை உள்ளவற்றில் இந்தக் குறுகல் இல்லை.

காசு கொடுப்பதற்கு முன் வீட்டுத் தரையில் மாஸ்கிங் டேப்பை அந்த அளவுக்குக் கட்டமாக ஒட்டுங்கள். இருவரும் பேட் விரித்து ஓர் இரவு அதற்குள் படுங்கள். யாருடைய முழங்கை எங்கே போகிறது என்பது காலைக்குள் தெரிந்துவிடும்.

நீளத்தையும் விடாதீர்கள். பெட்டியில் 213 செ.மீ. என்று போட்டிருந்தால் அது தரையின் நீளம். சுவர் சரிந்து இறங்குவதால், ஆறடி உயரமுள்ளவரின் தலையோ காலோ துணியில் படும். அந்தத் துணியில் இரவில் நம் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்திருக்கும், விடியும்போது ஸ்லீப்பிங் பேக் நுனி நனைந்திருக்கும்.

அப்புறம் வாசல். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாசல் உள்ளதையே வாங்கச் சொல்வேன். ஒரே பக்கவாட்டு வாசல் என்றால், உள்பக்கம் படுத்தவர் நடுராத்திரி எழுந்தால் மற்றவர்மேல் ஏறித்தான் போக வேண்டும். குறைந்த விலைக்குப் பலரும் வாங்கும் நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2-இல் வாசல் தலைமாட்டில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இருவரின் பையும் காலணியும் வாசலுக்கு வெளியே உள்ள அந்த ஒரே மறைவிடத்தில்தான் அடைய வேண்டும். மழை நாளில் அது போதாது.

இருவரும் கொஞ்சம் பெரிய உடம்புக்காரர்கள், அல்லது ஒருவர் தூக்கத்தில் உருளுகிறவர் என்றால் வெட்கப்படாமல் மூன்று பேர் கூடாரத்தை வாங்குங்கள். பல பிராண்டுகளில் 300, 400 கிராம்தான் கூடும். ஆளுக்கு 200 கிராம், ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரின் எடை.

பெட்டியில் இரண்டு விதமான எடை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? இருவரும் எப்படிப் பிரித்துச் சுமப்பது? (அங் மோ கியோ)

குறைந்தபட்ச எடை என்பது வலைத்துணியாலான உள்கூடாரம், அதன்மேல் மழைக்குப் போர்த்தும் வெளித்துணி, கம்புகள், இவ்வளவுதான். பேக்கிங் எடையில் முளைகள், கயிறுகள், பைகள் எல்லாம் சேரும். முளை இல்லாமல் நீங்கள் எங்கும் போகப்போவதில்லை, அதனால் இரண்டாவதையே பாருங்கள். வாங்கியதும் சமையலறைத் தராசில் நீங்களே ஒருமுறை நிறுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு கிலோவுக்குள் வந்தால் நல்ல கூடாரம். அதற்கும் கீழே போகப் போக ஒவ்வொரு நூறு கிராமுக்கும் விலை எகிறும், துணியும் மெலிந்துகொண்டே வரும். அந்தக் காசில் முதலில் உங்கள் முதுகுப்பையின் எடையைக் குறைக்கப் பாருங்கள்.

பிரிப்பதில் பலரும் எடையைச் சரிபாதியாக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். யார் வேகமாக நடப்பவர் என்பதையும் பாருங்கள். அவரிடம் வெளித்துணியும் கம்பும் முளையும் இருக்கட்டும், பின்னால் வருபவர் உள்கூடாரத்தைத் தூக்கட்டும். முகாமுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவரின் கையில் வலைத்துணி மட்டும் இருந்து, வானம் கொட்டத் தொடங்கினால், அவர் மரத்தடியில் நின்று மற்றவரின் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தேசிய சேவை நண்பர்கள் இருவர் மலேசியாவின் குனோங் தாஹான் மலை ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். எனக்கு ட்ரெக்கிங் போலில் (ஊன்றி நடக்கும் கம்பில்) நிற்கும் கூடாரம் பிடித்திருக்கிறது. நண்பன் தானாக நிற்பதுதான் வேண்டும் என்கிறான். தீர்ப்புச் சொல்லுங்கள். (ஜூரோங் வெஸ்ட்)

ராணுவத்தில் பாஷா (கயிற்றில் இழுத்துக் கட்டும் விரிப்புக் கூரை) கட்டியவர்களுக்கு ட்ரெக்கிங் போல் கூடாரம் புதிதல்ல. கயிற்றின் இழுவிசையில்தான் எல்லாம் நிற்கிறது. தனிக் கம்பு இல்லாததால் இருவருக்கான கூடாரம் ஒரு கிலோவையொட்டி வந்துவிடும். டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 2 போன்றவற்றில் இன்னொரு வசதி: வெளித்துணியை முதலில் நிறுத்திவிட்டு, உள்ளே வலையைப் பிறகு மாட்டலாம். மதியம் மூன்று மணிக்கு இடி இடிக்கும் நம் பக்கத்துக் காடுகளுக்கு அது பெரிய விஷயம். தானாக நிற்கும் கூடாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்கூடாரம் முதலில், வெளித்துணி பிறகு. நீங்கள் கம்பைக் கோத்து முடிப்பதற்குள் தரையில் தண்ணீர் நிற்கும்.

உங்கள் நண்பன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காட்டு முகாமில் தரை முழுக்க வேர். முளை இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது, இறங்கினால் சேற்றில் பிடிக்காது. தானாக நிற்கும் கூடாரத்தை அப்படியே தூக்கி இரண்டடி தள்ளி வைக்கலாம். ட்ரெக்கிங் போல் கூடாரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். பலரும் கடைசி நேரத்தில்தான் உணரும் இன்னொன்றும் உண்டு: தாஹான் 2,187 மீட்டர். சுமையை முகாமில் விட்டுவிட்டுச் சிகரத்துக்குப் போய் வரும் நாளில் உங்கள் போல்கள் கூடாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். கையில் எடுத்தால் கூடாரம் படுத்துவிடும்.

என் தீர்ப்பு: இருவரும் ஏற்கெனவே இரண்டு போல் ஊன்றி நடப்பவர்கள் என்றால் மொத்தம் நாலு இருக்கிறது. கூடாரத்துக்கு இரண்டு போக ஆளுக்கு ஒன்று மிஞ்சும், நீங்கள் ஜெயித்தீர்கள். போல் பழக்கமே இல்லையென்றால் கூடாரத்துக்காகப் போல் வாங்கிச் சுமப்பதில் எடை மிச்சம் எங்கே? நண்பன் சொல்வதே சரி.

எது வாங்கினாலும் இரண்டைக் கவனியுங்கள். நைலான் துணி நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரி தொங்கி உள்வலையில் ஒட்டும், யாராவது எழுந்து கயிற்றை இழுக்க வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை. அடுத்து, உள்கூடாரம் இல்லாமல் ஒரே துணியாக வரும் ஒற்றைச் சுவர்க் கூடாரம் வேண்டாம். காற்றே அசையாத ஈரக்காட்டில் மழை பெய்யாமலேயே உள்ளே சொட்டும்.

எட்டு வயது மகளோடு புலாவ் உபினிலோ ஈஸ்ட் கோஸ்டிலோ முகாமிட ஆசை. எடை குறைந்த கூடாரம் எது நல்லது? (தெம்பனிஸ்)

எடைக்குக் காசு கொடுக்காதீர்கள். உபினில் ஜெலுத்தோங், மாமாம் முகாம்களுக்குப் பெரிய நடை ஒன்றும் இல்லை. இரண்டரை, மூன்று கிலோ சாதாரணக் கூடாரம் போதும். மிச்சக் காசில் நல்ல பேட் இரண்டு வாங்குங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் முகாமிடத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அங்கே மணலில் மெல்லிய முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஓரடி ஆழத்தில் புதையுங்கள். விடியற்காலையில் ‘சுமத்ரா’ காற்று வந்தால் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அப்போது முளை அடிக்காத கூடாரம் உங்களுக்கு முன்னால் சைக்கிள் பாதையில் போய்க்கொண்டிருக்கும்.

இந்தோனேசியாவின் ரிஞ்சானி மலைக்குச் சொந்தக் கூடாரம் கொண்டுபோக வேண்டுமா? (ஈசூன்)

வேண்டாம். ஏற்பாட்டாளர்களே கூடாரம் கொடுத்து, சுமைதூக்குபவர்களையும் அனுப்புகிறார்கள். கிளம்புவதற்கு முன் ஜிப் வேலை செய்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்துவிடுங்கள்.

நியூசிலாந்துக்கு நானும் தம்பியும் போகிறோம். கூடாரத்தை எடுத்துப்போவதில் கவனிக்க வேண்டியது? (செங்காங்)

முதலில் சுத்தம். பயன்படுத்திய கூடாரம், நடைக்காலணி எல்லாவற்றையும் நியூசிலாந்துப் பயணி அறிவிப்பில் (NZTD) சொல்ல வேண்டும். சொல்லாமல் போய் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். முளைகளின் நுனியில் காய்ந்திருக்கும் உபின் மண்ணைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கூடாரத்தை உள்வெளியாகத் திருப்பி மூலைகளை உதறினால் புல்விதைகள் விழும். முளைகளைச் செக்-இன் பையில் போடுங்கள். கேஸ் குப்பியை எந்தப் பையிலும் ஏற்ற முடியாது, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மில்ஃபர்ட் பாதையில் கூடாரம் போட அனுமதி இல்லை, குடில்கள்தான். ரூட்பர்ன், கெப்ளர் பாதைகளில் முகாம்கள் உண்டு, முன்பதிவு அவசியம். அந்தப் பகுதியில் சாண்ட்ஃபிளை என்ற பொடி ஈ பிய்த்தெடுக்கும். முழுதாக மூடும் வலை உள்ள கூடாரம் இல்லாமல் போகாதீர்கள்.

இரண்டு வருடமாகப் பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) வைத்திருந்த கூடாரம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாந்தி வாடை அடிக்கிறது. சரிசெய்ய முடியுமா? (புக்கிட் பாத்தோக்)

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் நீர் புகாமலிருக்கப் பூசும் பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதைகிறது. அந்த வாடையும் ஒட்டலும் அதன் அறிகுறி. நம் ஊர் ஈரக்காற்றில், காற்றோட்டமில்லாத அறையில், இறுக்கிச் சுருட்டிய பைக்குள் அது சீக்கிரமே நடக்கும். வெறும் பூஞ்சைப் புள்ளிகள் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். பூச்சே ஒட்டினால் கூடாரத்துக்கு ஆயுள் முடிந்தது.

அடுத்ததைக் காப்பாற்றுங்கள். பயணம் முடிந்து வந்த அன்றே சாப்பாட்டு மேசை நாற்காலிகள்மேல் விரித்து இரவு முழுக்க மின்விசிறி போடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலோரக் கழியில் காயப்போடுவதானால் கிளிப் போட்டு, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள், நைலானை வெயில் அரிக்கும். காய்ந்தபின் பழைய தலையணை உறைக்குள் தளர்வாகத் திணித்துப் படுக்கையறை அலமாரியில் வையுங்கள். இருபக்கமும் சிலிக்கான் பூசிய துணிக்கு இந்தச் சிதைவு வராது. ஆனால் அதில் தையல் டேப் ஒட்டாது, தையல்களுக்கு நீங்களே சிலிக்கான் சீலர் பூச வேண்டியிருக்கலாம்.

மூன்று நண்பர்கள் ஆளுக்கு 200 வெள்ளி போட்டு ஒரு நல்ல கூடாரம் வாங்கலாமா? (உட்லண்ட்ஸ்)

வேண்டாம். ஒருவர் கூடாரம், ஒருவர் அடுப்பும் பாத்திரமும் நீர்வடிகட்டியும், இன்னொருவர் மூவருக்குமான பேட் என்று தனித்தனியாக வாங்குங்கள். யாராவது வேலை மாறி வெளிநாடு போனால் அவரவர் பொருள் அவரவருக்கு. கூடாரம் யாருடையதோ அவர்தான் ஒவ்வொரு முறையும் அதைக் காயவைக்க வேண்டும். அதை வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.