எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் பெரிய மாத்திரைகளை விழுங்க முடியவில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். (மருந்தை மெல்ல வெளிவிடும் வகை) 1000, இரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபைன் 30 (நாளுக்கு ஒன்று), வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல் 40 மூன்றையும் பொடித்துத் தேனில் குழைத்துத் தரலாமா? சில நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வருகிறதே, மருந்து உடம்பில் சேரவில்லையா?

பதில்: மூன்றையுமே பொடிக்கக் கூடாது. காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு; அதனால் மாற்றும் வேறு.

பெரிய ஆபத்து நிஃபெடிபைனில். இதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய 2 மணி நேரம்தான். அதை 24 மணி நேரத்துக்கு இழுக்கத்தான் மாத்திரையையே ஒரு குட்டிப் பம்பாகச் செய்கிறார்கள். நீரை உள்ளே விடும் செல்லுலோஸ் அசிடேட் உறை, அதில் லேசரால் போட்ட துளை, உள்ளே இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கு நீரை உறிஞ்சி உப்பி, மற்ற அடுக்கிலுள்ள மருந்தைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். (சில தயாரிப்புகளில் பம்புக்குப் பதில் ஜெல் இருக்கும், விதி ஒன்றுதான்.) பொடித்தால் ஒரு நாள் மருந்தும் மொத்தமாக இறங்கி இரத்த அழுத்தம் சரியும். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு அது விளையாட்டல்ல. ஏற்கெனவே பொடித்துக் கொடுத்திருந்து தலைசுற்றல், மயக்கம் தெரிந்தால் படுக்க வைத்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்றாக அம்லோடிபைன் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதன் அரை ஆயுளே 30 முதல் 50 மணி நேரம். பம்பு தேவையில்லை, சாதாரண மாத்திரையைப் பொடிக்கலாம்.

மெட்ஃபார்மின் எஸ்.ஆர். நீர் பட்டதும் ஜெல்லாக ஊறி, மருந்தை மெல்லக் கசியவிடும். உடைத்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் கூடும்; மூக்குக்குழாய் வழியாகக் கொடுத்தால் குழாயே அடைத்துக்கொள்ளும். அதே தினசரி அளவைச் சாதாரண 500 மாத்திரையாக இரு வேளை உணவோடு பொடித்துத் தர மருத்துவர் மாற்றி எழுதலாம்.

பான்டோபிரசோலின் உறை வயிற்று அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் கரைவது. பொடித்தால் அமிலம் மருந்தைச் சிதைத்துவிடும், கொடுத்தும் பயனில்லை. மாற்றாக, இதே வகை மருந்தான எசோமெபிரசோலை மருத்துவர் எழுதி, அதன் குறுமணிப் பொட்டலம் கிடைத்தால், 10 மி.கி. பொட்டலத்தை 15 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாக 2–3 நிமிடம் விட்டு, அரை மணிக்குள் குடிக்க வேண்டும். மணிகளை மெல்லக் கூடாது.

மலத்தில் வருவது பெரும்பாலும் வெறும் கூடுதான். பம்பின் உறை கரையாது, ஜெல்லின் சக்கையும் வெளியேறும். மருந்து உள்ளே சேர்ந்திருக்கும். கடும் வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் மட்டும் சந்தேகப்படலாம்.

தேன் வேண்டாம், சர்க்கரை நோயாளி. தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வந்தால், எந்த மருந்தையும் கரைத்துக் கொடுக்கும் முன் விழுங்கும் திறனை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீர்த்த திரவம் நுரையீரலுக்குள் போகலாம்.

அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., ஈ.சி. என்ற எழுத்துகள் இருந்தால் பொடிக்காதீர்கள்; முதல் நான்கும் மருந்தை மெல்ல வெளிவிடுவதையும், ஈ.சி. அமிலத்தில் கரையாத உறையையும் குறிக்கும். பான்டோபிரசோல் போல எழுத்தே இல்லாமலும் உறை இருக்கலாம், மருந்துக்கடையிலேயே கேட்டுவிடுங்கள். விதிவிலக்கும் உண்டு: கோடு போட்ட மெட்டோபிரோலால் சக்சினேட் (இரத்த அழுத்த மருந்து) மாத்திரைக்குள் தனித்தனியே உறையிட்ட மணிகள் இருப்பதால், கோட்டில் பாதியாக உடைக்கலாம். அதையும் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.