கையெழுத்து வைக்க முதல் இன்சூரன்ஸ் பொலிசியின்ர பின்பக்கங்களை வாசியுங்கோ

தம்பி, லண்டன் ஹரோவில சாப்பாட்டுக் கடை ஒண்டு எடுக்கப் போறன், இன்சூரன்ஸ் புரோக்கர் பிசினஸ் இன்ரரப்சன் கவரையும் (வியாபாரம் தடைப்பட்டா வருமான நட்டத்துக்குக் குடுக்கிற காப்புறுதி) சேர்க்கச் சொல்லுறார், கொரோனா நேரம் அதில காசு வந்ததெண்டு ஆக்கள் கதைக்கினம், உண்மையோ எண்டு கேட்டிருந்தீங்கள். வந்தது உண்மை, ஆனா எல்லாருக்கும் இல்லை.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. என்ர சாப்பாட்டுக் கடையில சனி ஞாயிறுக்கெண்டு ரெண்டு பெட்டி நண்டு இறக்கி, ஆட்டிறைச்சியும் பிரட்டி வைச்சாச்சு, பின்னேரம் பிரதமர் ரிவியில வந்து ரெஸ்ரோரன்ட், பப் எல்லாத்தையும் இண்டிரவோட பூட்டச் சொல்லிட்டார். ரேக் அவே மட்டும் செய்யலாம். எனக்கு இருந்து சாப்பிடுற ஆக்களாலதான் முக்கால்வாசி வருமானம். இன்சூரன்ஸ் கொம்பனிக்கு எழுதினா, கட்டடத்துக்குச் சேதம் ஒண்டும் இல்லை, குடுக்கேலாது எண்டு ரெண்டு வரியில பதில். பத்து வருசம் ஒரு மாசமும் பிந்தாமல் கட்டினனான், அண்டைக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகேல்லை.

மகள்தான் பொலிசியை விரிச்சு பின்பக்கத்தில பென்சிலால கோடு போட்டுக் காட்டினாள். கடையில இருந்து 25 மைலுக்குள்ள, அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் வந்து வியாபாரம் தடைப்பட்டா நட்டம் குடுப்பம் எண்டு இருந்தது. இங்கிலாந்தில கொரோனாவை மார்ச் 5ஆம் திகதியே அந்தப் பட்டியல்ல சேர்த்தாச்சு. அதைக் காட்ட கொம்பனி கதையை மாத்திச்சு, உங்கட 25 மைலுக்குள்ள ஒருத்தருக்கும் வராட்டியும் நாட்டையே பூட்டியிருப்பினம், அதால உங்கட நட்டத்துக்கு அந்த நோயாளிகள் காரணமில்லையாம். பெரிய கொம்பனியள் கோட்டிலயும் இதைத்தான் வாதாடினவை. நிதிக் கொம்பனியளைக் கண்காணிக்கிற எஃப்.சி.ஏ எங்களைப் போல ஆக்களுக்காக வழக்குப் போட்டு, 2021 ஜனவரி 15 சுப்ரீம் கோட் தீர்ப்பு வந்தது. 20 பேர் சேர்ந்து பஸ் ஒண்டைப் பள்ளத்துக்குள்ள தள்ளி விழுத்தினா, நான் இல்லாட்டியும் அது விழுந்திருக்கும் எண்டு சொல்லி ஒராளும் தப்பேலாது, அதுமாதிரித்தான் ஒவ்வொரு நோயாளியும் காரணம் எண்டு நீதிபதிமார் சொல்லிட்டினம்.

அதுக்குப் பிறகுதான் எனக்குக் காசு வந்தது, அதுவும் ரேக் அவே வித்த காசையும் வேலையாக்களின்ர சம்பளத்துக்கெண்டு அரசாங்கம் தந்த ஃபர்லோ காசையும் கழிச்சு. மச்சானுக்கு ஒரு பென்ஸும் கிடைக்கேல்லை. அவற்ற பொலிசியில நெருப்பு, வெள்ளம் மாதிரிச் சேதத்தால பூட்டினா மட்டும்தான் எண்டு இருந்தது. ரெண்டு கடைக்கும் இடையில பத்து நிமிச நடை, கட்டின காசும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

இப்ப வாற பொலிசியள் கனக்கவில கொரோனாவை எடுத்திட்டாங்கள், சிலதில குறிப்பிட்ட நோய்களின்ர பேரைப் போட்டு அதுக்கு மட்டும்தான் குடுப்பாங்கள். அதுக்காக கவர் வேண்டாமெண்டு சொல்லேல்லை, குசினியில நெருப்புப் பிடிச்சு ஆறு மாசம் பூட்டிக் கிடந்தா வாடகையை ஆர் கட்டுறது? எத்தினை மாச நட்டத்துக்குக் குடுப்பாங்கள் எண்டதைக் கட்டாயம் பாருங்கோ, புரோக்கர் வாயால சொல்லுறதை ஈமெயில்ல எழுதி வாங்குங்கோ. பிறகு கொம்பனி மறுத்தா, அவையின்ர கடைசிப் பதில் வந்து ஆறு மாசத்துக்குள்ள இப்பிடியான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஃபினான்சியல் ஒம்பட்ஸ்மனிட்டப் போகலாம், சின்னக் கடையளுக்குச் செலவில்லை, எனக்கு அண்டைக்கு இதைச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை. உங்களுக்கு வந்த கோட்டேசனில முன்பக்கம் மட்டும்தான் இருக்குமெண்டு நினைக்கிறன், முழுப் பொலிசியையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பி விடுங்கோ, ஞாயிற்றுக்கிழமை இருந்து பாக்கிறன்.