வெளிநாட்டில் முன்பின் தெரியாதவர் வீட்டில் தனியாகத் தங்கியதுண்டா? அனுபவம் எப்படி இருந்தது?

உண்டு. 2023 ஜூலையில், மட்டக்களப்புக் கல்லடியில். இரண்டு இரவு என்று போய் நான்கு இரவு இருந்தேன்.

தஞ்சாவூர்க்காரிக்கு இலங்கை ஒரு வெளிநாடா என்று சிரிக்க வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை குத்தினால் வெளிநாடுதான். மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் கொழும்பில் ஒருவர், "கவனம், அங்கே பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்றார். வந்தவர்களை மந்திரம் போட்டுத் திரும்ப விடமாட்டார்களாம். இலங்கைத் தமிழர்களிடையே அது பழைய கேலி என்று அப்போது எனக்குத் தெரியாது. காலையில் உதயதேவி ரயிலில் ஏறியவள், பொலன்னறுவை தாண்டியும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் பேசிவைத்த வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள், அப்போது இரவுக்கு 3,000 இலங்கை ரூபாய். படலையை, அதாவது வெளிவாசல் கதவை, திறந்ததும் "வாங்க மகள்" என்றார் அந்த அம்மா. 'மகளே' இல்லை, 'மகள்'. என்னைவிட முப்பது வயது மூத்தவர் கடைசிவரை என்னை 'நீங்கள்' என்றேதான் அழைத்தார். எங்கள் வீட்டில் சொந்தப் பாட்டிக்கே நான் 'அடியே'தான்.

முதல் வேளை பிட்டும் மீன் சொதியும் சம்பலும். "ஆறுதலாகச் சாப்பிடுங்கள்" என்றார். என் முகத்தில் அவ்வளவு துக்கமா தெரிகிறது என்று குழம்பினேன். அவசரமில்லாமல் என்று அங்கே பொருள். அடுத்து மண்சட்டியில் எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று பெருமையாகச் சொன்னார்.

வீடு அந்த அம்மாவுடையது. அந்தப் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். பாய்க் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதுவரை பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காத ஐயா சிரித்துவிட்டார். "உண்மைதான் மகள். நான் நாற்பது வருடத்துக்கு முந்தி வந்தவன். இன்னும் எழும்பவில்லை."

குறையும் சொல்ல வேண்டும். தனியாகப் பயணம் போகிறவளுக்கு அந்த வீட்டில் தனிமை கிடைக்காது. கடற்கரைக்குக் கிளம்பினால் பேத்தி கூடவே வருவாள். பொழுது சாய்ந்தால் ஐயா தெருமுனையில் டார்ச்சுடன் நிற்பார். ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை என்ற கேள்வியை அக்கம்பக்கத்தில் ஐந்து பேரிடம் சமாளித்தேன். இரண்டாம் நாள் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் பேத்தி வராமல் போனபோது எங்கே அவள் என்று நானே கேட்டேன்.

மட்டக்களப்பு வாவி என்கிற காயலில் மீன்கள் பாடும் என்பார்கள்; அந்தப் பாடும் மீனைப் பற்றிக் கேட்பீர்கள். முழுநிலா நாளில் வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் கேட்குமாம். நான் போனது முழுநிலா நாள் இல்லை. பழைய கல்லடிப் பாலத்துக்குக் கீழே வெகுநேரம் காது கொடுத்தேன். பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலத்தில் ஓடிய லாரிகள்தான் நன்றாகப் பாடின.

இப்படித் தங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பணப் பேச்சை முதல் நாளே முடித்துவிடுங்கள். நான் சாப்பாட்டுக் கணக்கைப் பேசாமல் விட்டேன். கிளம்பும்போது நீட்டினால், அறை வாடகையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையிலேயே திணித்தார். அந்த இடத்தில் வாதாடுவது இருவருக்கும் சங்கடம். பேத்திக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து ஒருவாறு ஈடுசெய்தேன்.

இரவு ரயிலுக்குப் புறப்படும்போது "மறுகா எப்போது வருவீர்கள்?" என்று கேட்டபடியே ஒரு தயிர்ச்சட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கவிழ்த்தாலும் விழாது என்று நம்பிப் பைக்குள் படுக்கவைத்தேன். விடிந்து கொழும்புக் கோட்டையில் இறங்கியபோது பாதித் தயிர் என் சுடிதாரில் இருந்தது.