படிவத்தில் மதம் என்ற கட்டம்

தம்பி, ஜெர்மனிக்கு, ட்யூசல்டார்ஃபுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, வியாழக்கிழமை முகவரி பதியப் போகிறேன், படிவத்தில் கத்தோலிக்கன் என்று எழுதினால் திருச்சபைக்கென்று வரி பிடிப்பார்களாமே, எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் ‘இங்கே கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் அக்கா?’ என்றும் ஒரு வரி. உங்களை உறுத்துவது அந்த இரண்டாவது கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

வரியை முதலில் முடித்துவிடுவோம். ஆமாம், பிடிப்பார்கள். சம்பளத்தில் அல்ல, வருமான வரியில் 9 சதவீதம்; பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8. மாதம் 500 யூரோ வருமான வரி போனால் கூடவே 45 யூரோ. வருடக் கணக்கு கொடுக்கும்போது கழிவாகக் காட்டலாம், கொஞ்சம் திரும்பி வரும். ஞானஸ்நானம் வாங்கியவர் ‘மதம் இல்லை’ என்று எழுதுவது பொய்ப் பதிவு, அதைச் செய்யாதீர்கள். வேண்டாமென்றால் திருச்சபையிலிருந்தே முறைப்படி விலகலாம். நாம் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் உள்ளூர் நீதிமன்றத்தில் 30 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் ஜெர்மன் ஆயர்களின் (பிஷப்புகளின்) 2012 ஆணைப்படி, அப்படி விலகியவருக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது, ஞானப்பெற்றோராக நிற்கவும் முடியாது.

சரி, கிறிஸ்துமஸ். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். நடுச்சாமப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டு தொடங்கியதும் மணி அத்தனையும் அடிக்கும், குடிலில் பாலனை வைப்பார்கள், வெளியே பையன்கள் வெடி போடுவார்கள். தூங்கி வழிந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். விசுவாசம் என்று தனியாக ஒன்று இருப்பதாகவே நான் நினைத்ததில்லை. ஊரே போனது, நானும் போனேன்.

2005-ல் கொலோனுக்குப் படிக்க வந்தேன். 24-ஆம் தேதி மதியமே கடைகள் மூடிவிட்டன. சாயங்காலம் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. (25, 26 இரண்டு நாளும் விடுமுறை. 23-க்குள் அரிசி, பால், முட்டை வாங்கி வையுங்கள். நான் அந்த வருடம் ரொட்டிக்கு ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டேன்.) கோயிலில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள், முக்கால்வாசி வயதானவர்கள். கடைசியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ‘ஸ்டில்லே நாஹ்ட்’ பாடினார்கள், நம் ‘சைலன்ட் நைட்’தான். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, பக்தியில் இல்லை.

ஜனவரி முதல் வாரம் இன்னொரு கூத்து. அழைப்புமணி கேட்டுக் கதவு ஓட்டை வழியே பார்த்தால் கிரீடம் வைத்த மூன்று பிள்ளைகள். ஏதோ விளம்பரம் என்று நான் திறக்கவே இல்லை. பாலன் ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் போல வேடமிட்டு வீடு வீடாகப் பாடி, கதவு நிலைக்கு மேல் சாக்பீஸால் ஆண்டையும் நடுவே சி, எம், பி என்ற எழுத்துகளையும் எழுதுகிறவர்கள் அவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ‘கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக’ என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள். அதுவும் கொலோனில்! 1164-ல் மிலானிலிருந்து கொண்டுவந்த மூன்று ராஜாக்களின் திருப்பண்டங்களுக்காக, அதாவது அவர்களுடையவை என்று போற்றப்படும் எலும்புகளுக்காகத்தான் இங்கே அந்தப் பெரிய பேராலயத்தையே கட்டத் தொடங்கினார்கள்.

அப்புறம் பல வருடம் நான் கோயில் பக்கம் ஒழுங்காகப் போகவில்லை. வரி மட்டும் தவறாமல் போனது. 2018-ல் ஆயர்கள் நடத்தச் சொன்ன ஆய்வு வெளியானது: 1946 முதல் 2014 வரை 3,677 சிறுவர் சிறுமியர் குருக்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானதை ஆவணங்களிலிருந்தே எண்ணியிருந்தார்கள். என் மகள் அப்போது முதல் நற்கருணை வகுப்பில் இருந்தாள். வயிறு எரிந்தது. விலகுவதற்கு நீதிமன்றத்தில் ஜனவரியில் நாள் வாங்கினேன். அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அதற்கு முந்தின வாரம் மகள் ராஜா வேடம் போட்டாள். துணைக்கு ஒரு பெரியவர் போக வேண்டும், ஆள் இல்லை, நான் போனேன். குளிரில் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் கதவைத் திறந்தார். கோட்டு, டை எல்லாம் கட்டியிருந்தார், காலையிலிருந்தே காத்திருந்திருப்பார் போல. பிள்ளைகள் பாடி முடிக்கும் வரை நிமிர்ந்து நின்றார். பிறகு போன வருடத்து எழுத்தைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தார். உண்டியலில் ஒரு நோட்டு போட்டார். அந்தப் பணம் நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகளுக்குத்தான் போகிறது. மகளுக்கு நிலை எட்டவில்லை. தூக்கிப் பிடித்தேன், எழுதினாள்.

நான் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் நேரான பதில் இன்றும் என்னிடம் இல்லை, கோபமும் போகவில்லை. என் கணவர் அந்த வருடமே விலகிவிட்டார். 24 இரவு எங்களோடு வருவார்; நற்கருணை நேரத்தில் நாங்கள் எழுந்து போவோம், அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்.

தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டும் போல இருந்தால் ஆகஸ்டில் கெவலார் மாதா கோயிலுக்கு வாருங்கள். இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், இந்துக்களும் வருவார்கள். நம் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா முடிந்த கையோடு அது.

வியாழக்கிழமை என்ன எழுதுவது என்பது உங்கள் பாடு. ஆனால் 24 இரவுப் பூசை நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல கோயில்களில் சாயங்காலமோ பத்து மணிக்கோ வைத்துவிடுகிறார்கள். ஊர் நினைப்பில் பன்னிரண்டு மணிக்குப் போனால் பூட்டியிருக்கும். 26-ஆம் தேதி மதியம் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. ரயிலில் அரை மணி நேரம்தான். நீங்கள் உயரம் என்றால் நிலையில் தலையை உரசாமல் வாருங்கள், எழுத்து அழிந்துவிடும்.