உதவி பெறும் பள்ளியில் படித்த மகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் நீடாமங்கலம் பக்கம். கணவர் ஒன்பது மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. மகள் 6 முதல் 12 வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. உதவி பெறும் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் அரசு தரும் மாதம் ஆயிரம் வராது என்கிறார்கள். வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டினாலும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் கிடையாது என்கிறார்கள். மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து பாலிடெக்னிக் சேர்கிறான். அவனுக்கு உண்டா?

பதில்: இரண்டு பேருக்கும் உண்டு அம்மா. உங்கள் காதுக்கு வந்த மூன்று தகவலும் இப்போது செல்லாது. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், கல்லூரி அலுவலகத்தில் யாராவது அதையே சொல்லும்போது தயங்காமல் பதில் சொல்லலாம்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024-25 கல்வியாண்டிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். 72,000 ரூபாய் என்பது பழைய திருமண உதவித் திட்டத்தின் வருமான வரம்பு. மயிலாடுதுறையை அடுத்த மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திட்டத்தைத்தான் உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். அம்மையார் பெயர் அப்படியே நின்றது, வரம்பு போய்விட்டது. இப்போது வருமானம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகை வாங்கினாலும் இதையும் சேர்த்தே வாங்கலாம்.

மகனுக்கு உரியது தமிழ்ப் புதல்வன் திட்டம். 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கியது, தொகை அதே ஆயிரம்தான். பத்தாவது முடித்து டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்பவர்களும் வருவார்கள். அஞ்சல்வழிப் படிப்புக்கும் முதுகலைக்கும் இரண்டிலுமே இடமில்லை.

மகள் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு சொல்: பயிற்று மொழி. அரசுப் பள்ளி என்றால் ஆங்கிலவழியில் படித்திருந்தாலும் பாதகமில்லை. உதவி பெறும் பள்ளிக்கு அப்படி இல்லை, தமிழ்வழியாக இருந்தே ஆக வேண்டும். டெல்டாவில் பழைய உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் ஆங்கிலவழிப் பிரிவும் நடக்கிறது. எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் ஏதோ ஒரு வருடம் மட்டும் 'ஆங்கிலம்' என்று ஏறியிருந்தால் போதும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மாற்றுச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பயிற்று மொழி என்ற இடத்தைப் பாருங்கள். அதோடு விடாமல், 6 முதல் 12 வரை ஒவ்வொரு வருடமும் எமிஸில் என்ன இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தவறு இருந்தால் பள்ளிதான் திருத்த முடியும், கல்லூரியால் முடியாது. "6 முதல் 12 வரை தமிழ்வழியில் பயின்றார்" என்று ஒரு சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி, நன்னிலம் பக்கத்தில் இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரைக்கால் அரசுப் பள்ளி புதுச்சேரி அரசின் பள்ளி. நடுவில் ஒரு வருடம் பிள்ளை அங்கே படித்திருந்தாலும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக் கணக்கில் அது வராது. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிகள்தான். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு.

விண்ணப்பத்துக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை. முதலாண்டு சேர்ந்ததும் கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பு ஆசிரியர் வழியாகவே பதிவாகும். எமிஸ் எண்ணும் ஆதாரும் கொண்டுபோனால் போதும். ஆதாரில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தகுதி இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் வங்கிக் கணக்கால்தான். இந்தப் பணம் நீங்கள் எழுதிக்கொடுக்கும் கணக்குக்குப் போவதில்லை, கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போகும். பள்ளிக் காலத்தில் திறந்த கணக்கில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றால் அது முடங்கியிருக்கும். மகளுக்கு 18 ஆகிவிட்டால் மைனர் கணக்கை மாற்றி, கையெழுத்தும் புதிதாகக் கொடுக்க வேண்டும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். பழைய வங்கி வந்தால், புதிய வங்கிக்குப் போய் ஆதார் இணைப்பு மனு எழுதிக் கொடுங்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்துச் சேமிப்புக் கணக்கு இதற்கு உதவாது. வங்கிக் கணக்கோ அஞ்சல் வங்கிக் கணக்கோ வேண்டும்.

பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகையில் மகளின் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு வருமான வரம்பு இல்லை. மகனின் பாலிடெக்னிக் படிப்புக்கு உண்டு, ஆண்டுக்கு 2.5 லட்சம். இதற்கு வருமானச் சான்று தேவை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்த்து வட்டாட்சியருக்குப் போகும். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லுக்கு வந்த முழுத் தொகையையும் வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். குத்தகை, உழவு, நடவு, உரம், அறுப்பு போக நின்றதுதான் வருமானம். சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது மறுபடி எடுக்க வேண்டும்.

மகன் டிப்ளமோ முடித்து பி.இ. போனால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். அந்தச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அவன் டிப்ளமோ முடிக்கும் அதே வருடம் மகள் பட்டதாரி ஆகிவிடுவாள்.

மகளுக்கு மூன்று வருடத்தில் 36,000 ரூபாய் வரும். ஆனால் சேர்க்கைக் கட்டணத்துக்கு இதை நம்பி இருக்காதீர்கள். சரிபார்ப்பு முடிந்து முதல் தவணை வரச் சில மாதம் ஆகும். கட்டணம் கட்ட வேண்டிய ஆனி, ஆடியில் உங்கள் பணம் குறுவை வயலில் கிடக்கும். அந்தச் சில ஆயிரத்தை இப்போதே தனியே எடுத்து வையுங்கள். பள்ளி அலுவலக வேலையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். சேர்க்கை நடக்கும் நாட்களில் எமிஸ் திருத்தத்துக்கு அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.