பிரிட்டிஷ் பாடகி வாஷ்டி பன்யன் பாடல்களை எங்கிருந்து தொடங்குவது? எனக்கு எல்லாம் தாலாட்டு மாதிரியே கேட்கிறதே?

முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். கதை தெரிந்தால் காது தானாகத் திறக்கும்.

1965-இல் லண்டனில் அவரைப் பாப் பாடகியாக்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1968-இல் காதலருடன் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் எழுதிய பாடல்களை ஜோ பாய்ட் தயாரிக்க, 1970-இல் ஆல்பம் வந்தது. யாரும் சீந்தவில்லை. அவர் பாட்டையே விட்டுவிட்டார். 2000-இல் மறுவெளியீடு, அப்புறம்தான் புதுத் தலைமுறை கண்டுபிடித்தது. அடுத்த ஆல்பம் 2005-இல்!

சரி, எப்படிக் கேட்பது? இரவில், ஹெட்போனில். முதல் பாட்டு இரண்டு நிமிடம்கூட இல்லை. விதைப்பதும் விளைவதுமாக, வயல்வேலையின் நிதானத்திலேயே வரிகள் நகரும். குரல் கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல அடக்கிப் பாடுகிறார். பின்னணியில் ரீக்கார்டர் குழலும் வயலினும் வந்து தொட்டுவிட்டுப் போகும். சில பாடல்களுக்கு இசைக்கோப்பு செய்த ராபர்ட் கிர்பி, அதே காலத்துப் பாடகர் நிக் டிரேக்குக்கும் செய்தவர்.

சில வரிகள் குழந்தைப் பாட்டாகவே இருக்கின்றன, மறுக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான் அந்தக் குரலிலிருந்த தனிமை எனக்குப் பிடிபட்டது.