எதிரணிகளை வளர்த்த பயிற்சியாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணியை 1979 முதல் 45 பருவங்கள் பயிற்றுவித்து, 2024-இல் ஓய்வுபெற்ற ஆன்சன் டோரன்ஸைப் பற்றி அண்மையில் படித்தேன். 934 வெற்றிகள், 88 தோல்விகள், 53 சமன்கள் என்ற கணக்கைப் பார்த்து வியந்தாலும், போட்டியிட ஆளில்லாத காலத்தில் முதலில் வந்து நின்றவருக்கு இது எளிதாகக் கிடைத்திருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது. பயிற்சியில் ஒவ்வொரு மாணவியின் திறனையும் எண்ணால் அளந்து, தரவரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுவாராம். இதை நாங்களும் பின்பற்றலாமா? அவர்மீது பழைய மாணவிகள் தொடர்ந்த வழக்கைப் பற்றியும் படித்தேன். அவரைப் புகழும் கட்டுரைகள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் முதல் ஐயம் நியாயமானது. டோரன்ஸின் அணி 1982 முதல் 2000 வரையிலான 19 ஆண்டுகளில் 16 முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. அடுத்த 23 ஆண்டுகளில் ஐந்து முறைதான் வென்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்கள் கால்பந்தை ஏற்பதற்கு முந்தைய ஆண்டான 1981-இல் வேறோர் அமைப்பு நடத்திய தேசியப் போட்டியின் பட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 22. பயிற்சியாளர் அவரேதான், பல்கலைக்கழகமும் அதுவேதான். அப்படியிருக்க, பட்டங்கள் ஏன் இப்படி ஒரு பாதியில் குவிந்து மறுபாதியில் அருகின என்று கேட்டால், உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

அவர் இந்தப் பணிக்கு வந்த விதமே அந்தக் காலத்தின் நிலையைக் காட்டுவது. எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய தந்தைக்கு மகனாக 1951-இல் பம்பாயில் பிறந்து, கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக வளர்ந்து, சுவிட்சர்லாந்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர். (பம்பாயில் பிறந்தார் என்பதற்காக நாம் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை, ஆனால் அமெரிக்கச் சிறுவர்கள் பெரும்பாலும் கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடிய காலத்தில் இவர் கால்பந்தைப் பற்றிக்கொண்டதற்கு அந்த அலைச்சல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.) வட கரோலைனாவிலேயே ஆடிப் பட்டம் பெற்று, சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, 1977-இல் ஆண்கள் அணியின் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, தங்களைப் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக ஏற்க வேண்டும் என்று மாணவிகள் கேட்டபோது, அந்தப் பொறுப்பும் ஏற்கெனவே இருந்த அதே பயிற்சியாளரின் தலையில் வைக்கப்பட்டது. 1988 வரை அவர் இரண்டு அணிகளையும் சேர்த்தே நடத்தினார். 1986 முதல் 1994 வரை அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணிக்கும் அவரே பயிற்சியாளர். ஒரே மனிதர் மூன்று அணிகளை ஒருசேரக் கவனிக்க முடிந்தது என்றால், அவருடைய ஆற்றலோடு, அந்தத் துறையில் அன்று ஆளே இல்லை என்பதையும் அது சொல்கிறது.

1982-இல் நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. போட்டியில் 12 அணிகள்தான் ஆடின. இன்று அதே போட்டியில் 64 அணிகள். கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில் பெண்கள் கால்பந்து அணி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் முந்நூறுக்கும் மேல். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் நடைமுறையில் இறுகியபோது, ரக்பியை ஒத்த ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்தில் மட்டும் 85 ஆண்களுக்கு உதவித்தொகை தந்துகொண்டிருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடங்களைக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரே அணியில் நிறையப் பேரைச் சேர்க்க முடிகிற, செலவும் குறைவான கால்பந்து அதற்கு வாகாக அமைந்தது. இந்தப் பெருக்கம் முக்கியமாக 1990-களில் நிகழ்ந்தது. அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் முழு ஆதரவோடு களத்தில் நின்றவர் என்ற அளவில், டோரன்ஸுக்கு முன்வரிசைச் சலுகை கிடைத்தது உண்மை.

ஆனால் அந்தச் சலுகை அவருக்கு மட்டும் கிடைத்ததல்ல என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தொடக்கத்திலேயே அணி அமைத்த பல்கலைக்கழகங்கள் வேறு சிலவும் இருந்தன. 1985 இறுதியாட்டத்தில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் வட கரோலைனாவை 2-0 என்று தோற்கடித்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து டோரன்ஸின் அணி தொடர்ந்து ஒன்பது பட்டங்களை வென்றது. இடையில் 103 ஆட்டங்களில் தோல்வியே இல்லை, 1990-இல் கனெடிகட் அணிதான் அந்த ஓட்டத்தை முறித்தது. தொடக்க வரிசையில் நின்ற மற்றவர்களுக்குக் கைகூடாத இந்தத் தொடர்ச்சிக்கு நீங்கள் கேட்ட அந்தத் தரவரிசைப் பட்டியலும் ஒரு காரணம்.

அந்த முறை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததன்று. அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், பயிற்சியின்போது நடப்பதையெல்லாம் உதவியாளர்களைக் கொண்டு குறித்துவைப்பதைப் பார்த்துத் தன் விளையாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவது, தலையால் முட்டுவது, கோல் அடிப்பது, ஓட்டம், சிறு அணிகளாகப் பிரிந்து ஆடுவது என ஒவ்வொன்றிலும் யார் யாரை வென்றார் என்று நாள்தோறும் பதிவாகும். பருவம் முழுவதும் அந்த வரிசை எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். இதன் நோக்கத்தை டோரன்ஸ் பலமுறை விளக்கியிருக்கிறார். தோழியை வெல்வது தவறு என்ற எண்ணத்தோடு பெண்கள் வளர்க்கப்படுகிறார்கள் என்றும், பயிற்சியில் முழு வேகத்தோடு மோதுவது நட்புக்கு எதிரானது அல்ல என்பதை அன்றாடப் பழக்கமாக்கினால்தான் ஆட்டத்தில் அது தானாக வரும் என்றும் அவர் கருதினார். ஆண்களையும் பெண்களையும் ஒரே பருவத்தில் பயிற்றுவித்தவரின் கருத்து இது. இதில் உள்ள பொதுமைப்படுத்தலை நான் முழுதாக ஏற்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் சண்டையிட்டு ஆடி வளர்ந்த பெண்களும் உண்டு. அவர்களுக்கு அந்தப் பாடம் தேவையில்லை.

பட்டியலின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யார் ஆடும் பதினொருவரில் இருப்பார் என்பதைப் பயிற்சியாளரின் விருப்பு வெறுப்பிலிருந்து ஓரளவு விலக்கி, எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்கிடம் அது ஒப்படைத்தது. டோரன்ஸ் முன்களத்தில் மூவரை நிறுத்தி எதிரணியின் பகுதியிலேயே பந்தைப் பறிக்கும் முறையை நெடுங்காலம் கையாண்டார். அது ஆட்களை விரைவில் களைப்படையச் செய்யும். வெளியேறியவர் மீண்டும் களமிறங்கக் கல்லூரி விதிகள் இடம் தருவதால், முதல் வரிசைக்கு நிகரான இரண்டாவது வரிசை ஒன்றை அவர் எப்போதும் தயாராக வைத்திருந்தார். அந்த இரண்டாவது வரிசையில் அமர்கிறவள் தான் ஏன் அங்கே இருக்கிறாள் என்று கேட்டால், அவளுக்கு விடை சொல்லப் பட்டியல் இருந்தது. நீங்கள் இதைப் பின்பற்றுவதானால் இந்தக் காரணத்துக்காகப் பின்பற்றலாம். ஆடும் இடங்களையும் பயண அணியையும் உண்மையிலேயே அந்த வரிசையைக் கொண்டு தீர்மானிக்கப் போவதில்லை என்றால், சுவரில் எண்களை ஒட்டுவது மாணவிகளைக் கூச வைப்பதற்கு மட்டுமே உதவும்.

அவர் வளர்த்த ஆட்டக்காரர்களைப் பற்றிப் புகழ்க் கட்டுரைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். மியா ஹாமை அவர் பதினைந்து வயதிலேயே தேசிய அணியில் ஆடவிட்டார். 354 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய கிறிஸ்டின் லில்லியும் அவருடைய மாணவி. 1991 நவம்பரில் சீனாவின் குவாங்சோவில் முதல் பெண்கள் உலகக்கோப்பையின் இறுதியாட்டத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என்று வென்றபோது, பதினெட்டு பேர் கொண்ட அந்த அணியில் பாதிப்பேர் வட கரோலைனாவிலிருந்து வந்தவர்கள். (இரண்டு கோல்களையும் அடித்த மிஷெல் ஏக்கர்ஸ் அங்கே படித்தவர் அல்ல. பெண்கள் களைத்துப்போவார்கள் என்று எண்ணியோ என்னவோ, அந்தப் போட்டியின் ஆட்டங்களை ஃபிஃபா எண்பது நிமிடங்களாகக் குறைத்திருந்தது.) இங்கிலாந்து அணியின் லூசி பிரான்ஸும் அலெசியா ரூசோவும்கூட அங்கே ஆடிச் சென்றவர்கள்தாம்.

இவர்களைவிட, களத்தை விட்டு விலகிய பிறகு அவருடைய மாணவிகள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1991 அணியின் தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் பின்னர் தேசிய அணிக்கே பயிற்சியாளராகி 2004 ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 1981-இல் வட கரோலைனா முதல் பட்டத்தை வென்றபோது அணித்தலைவியாக இருந்த ஜேனட் ரேஃபீல்டு, இல்லினாய் பல்கலைக்கழக அணியை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். கார்லா ஓவர்பெக் சென்று சேர்ந்த இடம் இன்னும் சுவையானது: வட கரோலைனா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லுக்குப் பக்கத்து ஊரான டர்ஹமில் உள்ள டியூக் பல்கலைக்கழகம், அதாவது வட கரோலைனாவின் பரம வைரி. சிண்டி பார்லோ கோன் 2020-இல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். ஒரே அணி பெற்ற அறிவு இப்படிப் பல இடங்களுக்கும் பரவியது. 1995-இல்தான் அணியே தொடங்கிய ஃபுளோரிடா பல்கலைக்கழகம், 1998 இறுதியாட்டத்தில் டோரன்ஸின் அணியை 1-0 என்று வென்றுவிட்டது. பிறகு ஸ்டான்ஃபோர்டு, ஃபுளோரிடா ஸ்டேட், யு.சி.எல்.ஏ. என்று வரிசையாக வந்தார்கள். 2012-க்குப் பிறகு அவர் பட்டமே வெல்லவில்லை; 2018, 2019, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை வந்து தோற்றார். 2022-இல் 2-0 என்று முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியப் பதினாறே நொடிகள் இருக்கும்போது சமனாகி, கூடுதல் நேரத்தில் விட்டார். என் கணக்கில், பட்டங்கள் குவிந்த 1980-களைவிட, தோற்கத் தொடங்கிய இந்தப் பின்பகுதியே அவருடைய பணியின் பெரிய சான்று. அவரைத் தோற்கடிக்கும் அளவுக்கு ஒரு விளையாட்டு வளர்ந்ததில் அவருடைய கையும் இருந்தது.

2024 ஆகஸ்டில், புதிய பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது அவர் விலகினார். அவரை நம்பிச் சேர்ந்த புது மாணவிகளுக்கு இது நியாயமல்ல என்று எனக்குத் தோன்றியது. ஆனால் உதவிப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் இடைக்காலப் பொறுப்பேற்று, அந்தப் பருவத்திலேயே இறுதியாட்டத்தில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தை 1-0 என்று வென்று, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடைக்காத பட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

இனி வழக்கு. 1998-இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் இருவர், பயிற்சியாளர் தங்கள் பாலியல் வாழ்க்கையைப் பற்றி விசாரித்ததாகவும், அதைப் பற்றிய கேலிப்பேச்சுகளில் அணியினர் முன்னிலையில் கலந்துகொண்டதாகவும் குற்றம்சாட்டி வழக்குத் தொடர்ந்தார்கள். தான் யாரையும் துன்புறுத்தவில்லை என்று டோரன்ஸ் மறுத்தார். ஆனால் அத்தகைய பேச்சுகளில் பங்கெடுத்தது தகாதது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஒருவருடன் 2004-இல் 70,000 டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. மற்றவரின் வழக்கைக் கீழ் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2007-இல் அதை மாற்றி, நடுவர் குழு விசாரிக்க வேண்டிய வழக்கு இது என்றது. விசாரணை நடக்கவில்லை, 2008-இல் 3,85,000 டாலருக்கு உடன்பாடாக முடிந்தது. ஆகவே நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவும் இல்லை, குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை.

இதை அவருடைய பணியிலிருந்து பிரித்துத் தனியாக வைக்க முடியாது என்பதே என் எண்ணம். பெண்களை அதட்டி நடத்த முடியாது, அவர்களோடு உறவை வளர்த்துத்தான் நடத்த முடியும் என்று அவர் நம்பினார். அந்த நெருக்கம் அவருடைய முறையின் ஒரு பாதி. ஆனால் யார் ஆடுவது, யாருக்கு உதவித்தொகை, யார் தேசிய அணிக்குப் போவது என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர் பதினெட்டு வயதுப் பெண்களோடு நெருங்கும்போது, அந்த நெருக்கத்தின் எல்லையை அவர்களால் வகுக்க முடியாது. அவர்தான் வகுக்க வேண்டும். அவர் வகுக்கவில்லை. பட்டியல் முறை விருப்பு வெறுப்பைக் குறைத்தது என்று மேலே எழுதினேன். எண்ணால் அளக்க முடியாத இந்தப் பகுதிக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்கவில்லை.

நீதிமன்றத் தீர்ப்பில் என்னை மிகவும் உறுத்திய செய்தி பயிற்சியாளரைப் பற்றியதே அல்ல. வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒருவர், அணியில் இருக்கும்போதே பல்கலைக்கழகத்தின் மூத்த அதிகாரி ஒருவரிடம் சென்று முறையிட்டிருக்கிறார். பயிற்சியாளரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளும்படி சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள் என்பது அவருடைய வாக்குமூலம். அப்போது அந்த அணி தேசியப் பட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. நம் கல்லூரிகளில் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியிலும் இருக்கும். தரவரிசைப் பட்டியலை ஒட்டுவதற்கு முன்பு, பருவத்தின் முதல் நாளிலேயே, அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், உங்களைப் பற்றியே முறையிடுவதானால் யாரிடம் போக வேண்டும் என்பதை உங்கள் மாணவிகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்